அனுசுயே என்று ஒரு மரவட்டை

ஸ்ரீரங்கம்,
14 ஜூலை 2025

யாழினி,

ஜீயபுரத்து மரவட்டை பற்றிய கட்டுரை வெள்ளிக்கிழமை, ஜூலை 11 அன்று, இதழின் இணையப் பக்கத்தில் வெளியாகியிருக்கிறது. எனக்கு இதைச் சொன்னது நீ அல்ல, என் மாணவி அனிஷா. சனிக்கிழமை செய்முறை வகுப்புக்குள் நான் நுழையும்போதே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "மேடம், உங்க பேர்ல ஒரு பூச்சி வந்திருக்கு மேடம்! கங்கிராட்ஸ்!"

நான் கட்டுரையை முழுவதும் படித்தேன். இரண்டு முறை. ஜீயபுரத்தில் காளியாயி அக்காவின் வாழைத் தோட்டத்தில், காய்ந்த மட்டைகளுக்கு அடியில் நீயும் நானும் எடுத்த மரவட்டை, அறிவியலுக்குப் புதிய இனம் என்று அதில் அறிவிக்கப்பட்டிருக்கிறது. பேரினம் முன்பே உள்ளது. இனத்தின் பெயர் புதிது: அனுசுயே, என் பெயரின் லத்தீன் வடிவம். எழுதியவர்கள் இருவர். முதலில் நீ, அடுத்து உன் மையத்தின் தலைவர் அமிர்தராஜ். நான் கடைசிப் பக்கத்தில் இருக்கிறேன், நன்றி சொல்லப்பட்டவர்களுக்கு நடுவில். 'களப்பணியில் உதவியவர்' என்று.

உதவியவர். சரி.

இந்த மரவட்டைக் குடும்பத்தை நம் ஊரில் யாரும் பார்த்ததில்லை என்று நம் ஆய்வு வழிகாட்டியே கைவிரித்தபோது, மட்டையைக் கிழித்து முதல் பூச்சியைக் காட்டியது யார் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அது உனக்குத் தெரியும். ஆறு வருடம் ஒரே நுண்ணோக்கியில் முறை வைத்துப் பார்த்தவர்கள் நாம். உனக்குப் புவனேஸ்வரில் வேலை கிடைத்தபோது, அங்கே நல்ல கருவிகள் இருக்கின்றன என்று குப்பிகளை உன்னிடம் கொடுத்துவிட்டதும் நான்தான். கட்டுரையை இருவரும் சேர்ந்து எழுதுவது, பூச்சிக்கு ஊரின் பெயரை வைப்பது என்று பேசியிருந்தோம். புதியதாக இருந்தால், என்றும் பேசியிருந்தோம்.

இப்போது நான் கேட்க வேண்டியது ஒன்றுதான். நம் துறையில் எழுதுகிறவர் தன் பெயரைத் தானே ஓர் உயிருக்கு வைத்துக்கொள்வதில்லை. விதி தடுக்காவிட்டாலும் வழக்கம் தடுக்கிறது, அப்படிச் செய்தால் சிரிப்பார்கள். ஆகவே என் பெயர் பூச்சிக்குப் போனால், எழுதியவர்கள் வரிசையில் நான் இருக்க முடியாது. அந்த இடத்தில் இப்போது அமிர்தராஜ் இருக்கிறார். இவற்றில் எந்த முடிவை முதலில் எடுத்தீர்கள்? பெயர் வைப்பதையா, என்னை நீக்குவதையா?

இங்கே நடப்பதையும் தெரிந்துகொள். கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். என் படமும் பூச்சியின் படமும் பக்கத்துப் பக்கத்தில். நாளை காலைக் கூட்டத்தில் பொன்னாடை. ரஞ்சித் அதைப் பார்த்துவிட்டு, "யாழினி பொருத்தமாத்தான் பேர் வச்சிருக்கா. ரெண்டுமே சத்தம் போடாது" என்றார். என் கணவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனிக்க நேரமானது.

செப்டம்பரில் நிரந்தரப் பணிக்கான நேர்காணல். ஒன்பது வருடமாகக் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன், அது உனக்குத் தெரியும். கட்டுரை எழுதியவருக்கு அங்கே மதிப்பெண் உண்டு. பூச்சிக்குப் பெயராக இருப்பவருக்குக் கிடையாது.

போனில் பேசினால் நீ அழுவாய், நான் உன்னைச் சமாதானம் செய்து முடித்துவிடுவேன். எப்போதும் அப்படித்தான் முடிந்திருக்கிறது. அதனால் கடிதம். பதிலையும் கடிதமாகவே எழுது.

அனுசுயா


புவனேஸ்வர்,
21 ஜூலை 2025

அன்புள்ள அனு,

'யாழினி' என்று மொட்டையாகத் தொடங்கியிருந்தாய். வாழ்க்கையில் முதல் தடவை. பால் வாங்கி வா என்று அனுப்பும் குறுஞ்செய்தியில்கூட 'டீ' போட்டுத்தானே அழைப்பாய்.

நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வெளியான அன்றே சொல்லியிருக்க வேண்டும், உனக்குத் திடீரென்று தெரியட்டும் என்று விட்டேன். ஓர் உயிருக்கு உன் பெயர், அனு! நாம் எல்லாம் போன பிறகும் அந்தப் பெயர் இருக்கும். இதைவிடப் பெரிதாக உனக்கு நான் என்ன கொடுக்க முடியும்?

காளியாயி அக்காவை நினைத்துக்கொண்டேதான் எழுதினேன். முதல் நாள் நாம் இருவரும் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "ஏம்மா, டாக்டருக்குப் படிச்ச புள்ளைங்க ரெண்டு பேரும் வாழ மட்டையில என்னத்தத் தேடுறீங்க? மோதிரம் கீதிரம் வுழுந்துருச்சா?" என்று கேட்டார்களே. மரவட்டை என்று நீ சொன்னதும், "அதுக்கு எதுக்கு இவ்ளோ தூரம்? மழ பேஞ்சா எங்கூட்டுக்கு வாங்க, முறத்துல அள்ளித் தரேன்" என்றார்கள். அப்புறம் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "அய்யய்ய, இது என்னா, பால் பாட்டில் கழுவுற பிரஷ்ஷாட்டம் இருக்கு!" அதைவிடத் துல்லியமான வருணனையை எந்த நூலிலும் நான் படிக்கவில்லை. மூன்று மில்லிமீட்டர் உடம்பு, ஓடு கிடையாது, மற்ற மரவட்டைகளைப் போல நாற்றமடிக்கும் நீரும் கிடையாது. இருப்பதெல்லாம் முடிதான். உடம்பு முழுக்க முடி, வாலில் ஒரு குச்சம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். எது முதல் முடிவு என்று எனக்கு உண்மையிலேயே ஞாபகமில்லை. எல்லாம் ஒரே பேச்சில் வந்தது. அமிர்தராஜ் சார் கருவிகளைக் கொடுத்தார், படங்களை அவர்தான் எடுக்க வைத்தார், அவர் பெயரைப் போடாமல் இங்கே எதுவும் வெளியே போகாது. இது எல்லா இடத்திலும் உள்ளதுதானே.

உன்னை நீக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் நீயும் ஒன்றை ஒப்புக்கொள். உன்னோடு சேர்ந்து எழுதினால் எழுதி முடிக்க முடியாது. "இன்னும் ஒரு தடவ பாத்துடறேன்டி" என்பாய். அந்த ஒரு தடவை ஒரு வருடமாகும். நீ டப்பாவில் மரப்பட்டையைப் போட்டுப் பூச்சி வளர்த்துக்கொண்டு இருக்கலாம். என் வேலை ஒப்பந்த வேலை. ஒவ்வொரு செப்டம்பரும் புதுப்பிக்க வேண்டும். இங்கே ஆண்டறிக்கையில் எத்தனை புதிய இனம் என்று கேட்பார்கள். பழைய இனத்தைப் பழையதுதான் என்று சரியாகச் சொன்னவருக்கு அந்த அறிக்கையில் இடமே இல்லை.

ரயிலில் என்ன பாடுபட்டேன் தெரியுமா? குப்பிகள் குலுங்கி, பெரிய பூச்சிகளின் வால் முடியெல்லாம் பதப்படுத்தும் சாராயத்தில் உதிர்ந்து மிதந்தது. எல்லாம் மொட்டை. ஒன்றே ஒன்று மட்டும் முடி கலையாமல் இருந்தது. அதைத்தான் மூல மாதிரியாக வைத்தோம். படத்தைப் பார்த்தாய் அல்லவா? எவ்வளவு அழகாக இருக்கிறது! அதைப் பார்த்தபோதுதான் உன் பெயர் தோன்றியது.

கோபம் தீர்ந்ததும் போன் செய். பொன்னாடை போட்ட படம் எடுத்திருந்தால் அனுப்பு.

உன்
யாழினி


ஸ்ரீரங்கம்,
29 ஜூலை 2025

யாழினி,

படத்தைப் பார்த்தேன். கட்டுரையின் இரண்டாவது படம், அடிப்பக்கம். அதைப் பெரிதாக்கிக் கால்களை எண்ணினேன். நீயும் இந்தக் கடிதத்தை வைத்துவிட்டு எண்ணிப் பார்.

பன்னிரண்டு ஜோடி.

இதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை ஒருநாள் வேறு யாராவது படிக்க நேர்ந்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். இந்தக் குடும்பத்து மரவட்டை முட்டையிலிருந்து மூன்று ஜோடிக் கால்களோடு வருகிறது. ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் கால்கள் கூடும். பன்னிரண்டு வந்த பிறகு இன்னும் ஒரு முறை உரித்துப் பதின்மூன்று ஆனால்தான் அது வளர்ந்த பூச்சி. நீங்கள் மூல மாதிரியாக வைத்திருப்பது, அதாவது இனி உலகம் முழுவதும் அனுசுயே என்ற பெயர் எந்த ஒற்றை உடலின் மேல் நிற்கப்போகிறதோ அது, ஒரு பிள்ளை.

அது மட்டும் ஏன் முடி கலையாமல் வந்தது என்று யோசித்தாயா? அது அப்போதுதான் சட்டை உரித்திருந்தது. புது முடி. பெரியவை ஏற்கனவே எறும்புகளோடு போராடிப் பாதி முடியை இழந்திருந்தவை. எறும்பு வந்தால் வாலைத் திருப்பி அதன் முகத்தில் முடியைத் தேய்த்துவிடும், கொக்கி கொக்கியாக மாட்டிக்கொண்டு எறும்பு உருண்டு புரளும் என்பதை நாம் இருவரும்தான் அன்று கண்ணால் பார்த்தோம். அழகாக இருந்ததை எடுத்தாய். அழகாக இருந்ததற்குக் காரணம் அதன் வயது.

இனி கட்டுரையின் நடுப்பகுதி. இது புதிய இனம் என்பதற்கு நீங்கள் காட்டும் வேறுபாடு ஒன்றே ஒன்று: வால் பகுதியில் முடிகள் குறைவு. பிள்ளைக்குக் குறைவாகத்தான் இருக்கும். அடுத்த சட்டையில் கூடும்.

இதை நீ அறியாமல் செய்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். தவறு யாருக்கும் வரும். ஆனால் மார்ச் மாதம் உனக்கு நான் போன் செய்தேன். மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டே பேசினேன். அந்தப் பேச்சு எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது.

"இது புதுசு இல்ல போலடி. கேரளாவுல ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி எழுதி வச்ச இனம்தான்னு தோணுது. எங்கிட்ட இருக்கற பெருசுங்களோட வால் முடி அதோட அப்படியே ஒத்துப்போகுது."

"போச்சு போ. நெசமாவா?"

"இன்னும் உறுதியில்ல. குட்டிங்கள வளத்துக்கிட்டிருக்கேன். கடைசிச் சட்ட உரிச்சதும் பாத்துட்டுச் சொல்றேன். அது வரைக்கும் தொடாத."

"சரிடி. நீ சொல்ற வரைக்கும் நான் தொடல. சத்தியமா."

கட்டுரையின் முதல் பக்க அடியில் இதழ் வழக்கம்போல் அச்சிட்டிருக்கிறது: பெறப்பட்டது, ஏப்ரல் 4. நீ சத்தியம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஆக, இது பழைய இனமாக இருக்கலாம் என்று தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறாய். அப்படித் தெரிந்த ஒரே மற்ற ஆள் நான். இனி நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? பழைய இனம்தான் என்று நிரூபித்தால் முந்தைய பெயரே நிற்கும், அனுசுயே என்ற பெயர் செத்துப்போகும். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் நான் என் பெயரை என் கையாலேயே அழிக்க வேண்டும். எல்லாரும் பொன்னாடை போட்ட பிறகு.

இதை நீ யோசித்துச் செய்தாயா, யோசிக்காமல் செய்தாயா என்று எனக்குத் தெரியவில்லை. எது மோசம் என்றும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 10 வரை பொறுத்திருக்கிறேன். அதற்குள் நீயே இதழுக்கு எழுதி, மூல மாதிரி வளராதது என்பதைச் சொல். சொன்னால் அது திருத்தம். நான் சொன்னால் வேறு.

அனுசுயா


புவனேஸ்வர்,
5 ஆகஸ்ட் 2025

அனு,

எண்ணினேன். பன்னிரண்டுதான். நீ எப்போது தப்பாக எண்ணியிருக்கிறாய்.

கடிதம் கையில் கிடைத்தது ஆடிப்பெருக்குக்கு முந்தைய நாள். மறுநாள் நீ அம்மா மண்டபப் படித்துறைக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு இருந்திருப்பாய். நான் இங்கே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பூச்சியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தயவுசெய்து எழுதாதே. செப்டம்பர் முடியட்டும், ஒப்பந்தம் புதுப்பிக்கட்டும். அப்புறம் நானே மெதுவாக ஒரு குறிப்பு எழுதுகிறேன், நீயும் சேர்ந்து எழுது, உன் பெயரை முதலில் போடுகிறேன். அப்பா ஓய்வு பெற்றதிலிருந்து கைலாசபுரம் ஆலைக் குடியிருப்பு வீட்டைக் காலி செய்துவிட்டு அவர்கள் வாடகைக்கு இருப்பது உனக்குத் தெரியும். எனக்கு இந்த வேலை போனால் திருச்சிக்குத் திரும்பி வந்து உன் மாதிரி மணிக்கணக்குக்கு வகுப்பெடுக்கத்தான் வேண்டும். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ அதைச் செய்வாய். நான் செய்ய மாட்டேன், எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

உன்னை வாயடைக்கத்தான் பெயர் வைத்தேன் என்பது போல எழுதியிருக்கிறாய். அது எவ்வளவு பெரிய அநியாயம் தெரியுமா? நடந்ததை அப்படியே சொல்கிறேன், நீயே தீர்ப்புச் சொல். அமிர்தராஜ் சார் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "குப்பியெல்லாம் திருச்சியிலேர்ந்து வந்தது இல்லையா? அந்தப் பொண்ணு பின்னாடி ஏதாவது பிரச்சினை பண்ணுமாம்மா?" என்று கேட்டார். நான், "பண்ண மாட்டா சார். அவ பேரையே வச்சிடலாம் சார், அவளுக்குச் சந்தோஷமா இருக்கும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "கெட்டிக்காரி" என்றார். அவ்வளவுதான் நடந்தது. நான் அன்பாகத்தான் சொன்னேன். அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்கு நான் பொறுப்பா?

அழிந்தால் உன் பெயர்தான் அழியும், அனு. நேர்காணலில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் இருக்கும். உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். கொஞ்சம் பொறு.

யாழினி


ஸ்ரீரங்கம்,
14 ஆகஸ்ட் 2025

யாழினி,

உன் கடிதத்தை ரஞ்சித்திடம் காட்டினேன். 'கெட்டிக்காரி' என்ற இடம் வந்ததும் படிப்பதை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இத அவளே எழுதியிருக்காளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உன் கல்யாணப் பேச்சு முறிந்தபோது உன் வீட்டுக்கு மூன்று நாள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்.

நீ தீர்ப்புக் கேட்டாய். சொல்கிறேன். அவர் கேட்டது நான் பிரச்சினை செய்வேனா என்று. அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் என் பெயர் உன் வாயில் வந்தது. முதல் கடிதத்தில் நான் கேட்டதற்கும் அதுவே விடை. நீ எழுதியதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றிச் சொல்லவில்லை.

இனி நடந்தவை. வளர்ப்பு டப்பாவில் இருந்த பிள்ளைகளில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை சட்டை உரித்தது. பதின்மூன்று ஜோடி. வால் முடிகளை மறுநாள் எண்ணினேன், செவ்வாய்க்கிழமை மறுபடியும் எண்ணினேன். கேரள இனத்தின் விவரணையோடு ஒத்துப்போகிறது. உரித்த சட்டையையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், அதன் கால் அளவுகளும் முடி எண்ணிக்கையும் உங்கள் மூல மாதிரியோடு ஒத்துப்போகின்றன. ஜீயபுரத்தில் புதிய இனம் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பழைய இனம் நம் காவிரிக் கரை வரை இருக்கிறது என்பது இதுவரை யாரும் பதிவு செய்யாதது. அதுவே போதுமான செய்தி என்று நான் நினைத்திருந்தேன்.

நேற்றுக் காலை கூடுதல் மாதிரிகளுக்காகத் தோட்டத்துக்குப் போனேன். காளியாயி அக்கா வரப்பில் நின்றபடியே பிடித்துக்கொண்டார்.

"ஒம் பேர வச்சிருக்காங்களாமே? எம் மவ போன்ல காட்டுனா. எந்தோட்டத்துப் பூச்சிக்கு என்னைய ஒரு வார்த்த கேக்கல பாரு!"

"அந்தப் பேரு நிக்காதுக்கா. எடுக்கச் சொல்லி நானே எழுதப்போறேன்."

"வச்ச பேரயா? யாரு வச்சா?"

"யாழினிதான்."

"யாரு, கண்ணாடி போட்ட புள்ளயா? ஒரு சொம்பு மோரு குடிச்சுட்டு இன்னொண்ணு கேக்குமே?"

"அவதான்."

"பூச்சிக்கா சண்ட போட்டுக்கிட்டீங்க?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி, மட்டைய நானே உரிச்சுத் தரேன், நீ நெழல்ல உக்காரு" என்றார்.

கல்லூரி முதல்வரிடமும் சொல்லிவிட்டேன். அவர் பதறிப்போனார். "ஃப்ளெக்ஸ் வச்சாச்சு, பேப்பர்ல போட்டோ வந்தாச்சு. இன்டர்வியூ வரைக்கும் சும்மா இருங்களேம்மா. ஒங்க நல்லதுக்குத்தானே சொல்றேன். யாரு வந்து காலை எண்ணிக்கிட்டு இருக்கப் போறாங்க?" என்றார். அவர் கெட்டவர் அல்ல. நான் அறையை விட்டு வெளியே வந்து, படிக்கட்டில் சற்று நேரம் நின்று, அவர் சொன்னபடி செய்தால் என்ன என்று உண்மையாகவே யோசித்தேன். ஒரு மாதம்தான். உனக்கு வேலை மிஞ்சும், எனக்கும் கிடைக்கலாம். நீ கேட்பதும் அதே ஒரு மாதம்தானே.

ஆனால் நேர்காணலில் அந்தப் பூச்சியைப் பற்றிக் கேட்பார்கள். நான் எண்ணிய கால்களை எண்ணாதது போல உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். அங்கே அதைச் செய்துவிட்டால் அதன் பிறகு என் மாணவிகளுக்கு முன்னால் நான் எதை எண்ணிக் காட்டுவது?

இன்று காலை குறிப்பை இதழுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு பக்கம், நான்கு படங்கள். எழுதியவர் ஒருவர்தான். அனுசுயே என்பது தனி இனம் அல்ல, கேரள இனத்தின் வளராத நிலை என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறேன். உன்னைப் பற்றியோ, நீ செய்த சத்தியத்தைப் பற்றியோ அதில் எதுவும் இல்லை. அது அறிவியல் இதழ்.

நேர்காணல் விண்ணப்பத்திலிருந்தும் அந்தப் பூச்சி பற்றிய வரியை எடுத்துவிட்டேன்.

அனுசுயா


புவனேஸ்வர்,
27 ஆகஸ்ட் 2025

அனுசுயா,

அனுப்பிவிட்டாய். இதழிலிருந்து சாருக்கும் எனக்கும் மின்னஞ்சல் வந்தது, உன் குறிப்பும் இணைப்பாக. நன்றாக எழுதியிருக்கிறாய். படங்கள் என் படங்களைவிட நன்றாக இருக்கின்றன. எந்தக் கருவியில் எடுத்தாய் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

எங்கள் பதிலைக் கேட்டிருக்கிறார்கள். சார் எழுதிவிட்டார், என் கையெழுத்துக்காக மேசையில் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று நீ என்னிடமிருந்தே தெரிந்துகொள்வது நல்லது. 'மாதிரிகளைச் சேகரித்து அனுப்பியவர் அவற்றை வளர்ந்த பூச்சிகள் என்று கூறியே ஒப்படைத்தார். அந்தத் தகவலை நம்பியே விவரணை செய்யப்பட்டது' என்று இருக்கிறது.

உனக்கும் எனக்கும் தெரியும். நாம் குப்பிச் சீட்டில் ஊரும் தேதியும் மட்டும்தான் எழுதுவோம், வயதை எழுதியதே இல்லை. எழுதத் தேவையில்லை, பார்த்தாலே நம் இரண்டு பேருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டோம். அதனால் சீட்டைப் பார்த்து யாரும் எதையும் சொல்ல முடியாது. சாருக்கு அது புரிந்துவிட்டது.

"நீ கையெழுத்துப் போட்டா தப்பு அங்க போகும். போடலைன்னா இங்க நிக்கும். இங்கன்னா யாருன்னு ஒனக்கே தெரியும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

யாழினி


ஸ்ரீரங்கம்,
5 செப்டம்பர் 2025

யாழினி,

இதழின் ஆசிரியரிடமிருந்து நேற்று எனக்கு மின்னஞ்சல் வந்தது. என் குறிப்பை இரண்டு வல்லுநர்கள் படித்துவிட்டார்கள், கால்களைப் பற்றி இருவருக்கும் ஐயமில்லை. மூலக் கட்டுரையை எழுதியவர்களின் பதில் வந்ததும் இரண்டையும் ஒன்றாக வெளியிடுவார்கள். பதிலுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30. உறுதியானது இவ்வளவுதான்.

என்ன செய்யட்டும் என்று கேட்கிறாய். சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீ செய்தால், அதுவும் உனக்காக நானே எடுத்த முடிவாகிவிடும்.

ஒன்றை மட்டும் எழுதி வைக்கிறேன். திருச்சி ஜங்ஷனில் உன் ரயில் புறப்படுவதற்கு முன், ஜன்னல் வழியாகக் குப்பிகளைக் கொடுத்தபோது, "மூணாவது குப்பியில ஒரு பிள்ள இருக்குடி, பெருசுங்களோட கலந்துறாத" என்று சொன்னேன். நீ, "எனக்குத் தெரியாதா? பாத்தாலே தெரியுதே" என்றாய். அந்த ஜன்னலில் நம் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. நான் சொன்னேன் என்பதற்கு என்னிடம் எந்தச் சான்றும் கிடையாது, நீ மட்டும்தான் இருக்கிறாய். ஆசிரியர் என்னைக் கேட்டால் நான் இதைச் சொல்வேன். உன்னைக் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று இத்தனை வருடத்தில் எப்போது யார் கேட்டிருந்தாலும் நான் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன். இன்று என்னால் முடியவில்லை.

கையெழுத்திட்டால், கடன் வாங்கிய நுண்ணோக்கியில் வேலை செய்யும் கௌரவ விரிவுரையாளர், பிள்ளைக்கும் வளர்ந்ததற்கும் வேறுபாடு தெரியாதவர் என்று உலகத்தில் இந்தக் குடும்பத்தைப் படிக்கும் நாற்பது ஐம்பது பேருக்கும் என் பெயர் தெரியும். இந்த முறை பூச்சியின் பெயராக அல்ல. அதற்குப் பிறகு நான் எதை எண்ணி எழுதினாலும் யாரும் நம்ப மாட்டார்கள். நீ எடுத்துக்கொண்டது போக எனக்கு மீதமிருப்பது அந்த நம்பிக்கை ஒன்றுதான்.

வாசலில் இருந்த ஃப்ளெக்ஸை என்னைக் கேட்காமலே எடுத்துவிட்டார்கள். அனிஷா மட்டும் வந்து, "மேடம், உங்க பேரை நீங்களே எடுத்தீங்களாமே, ஏன் மேடம்?" என்று கேட்டாள். படத்தில் கால்களை எண்ணச் சொன்னேன். எண்ணிவிட்டு, பன்னிரண்டு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனாள்.

நேர்காணல் செப்டம்பர் 19. முடிவு எப்போது என்று அறிவிக்கப்படவில்லை. உன் ஒப்பந்தத்தின் முடிவும் இந்த மாதக் கடைசியில் என்று நீயே எழுதியிருந்தாய். இதழில் இரண்டும் வெளியாவது அக்டோபர் இரண்டாவது வாரம் வாக்கில்.

நீ கையெழுத்திட்டாயா என்பதை எனக்கு எழுத வேண்டாம். 30ஆம் தேதிக்குப் பிறகு ஆசிரியர் எனக்கும் ஒரு பிரதி அனுப்புவார். அதில் பார்த்துக்கொள்கிறேன்.

அனுசுயா